அயர்லாந்துக் காணியைக் காயப்போட்டோம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஹம்பேர்க்கில் ஓர் ஐந்து மாடிக் கட்டடத்துக்கு நான் ஹவுஸ்மைஸ்ரராக இருந்தேன். சொல்லைக் கேட்டால் பெரிய உத்தியோகம் போலத் தெரியும். ஊருக்குக் கடிதம் எழுதும்போது 'கட்டட நிர்வாகி' என்றே எழுதினேன். படி கூட்டுவது, பல்ப் மாற்றுவது, செவ்வாய்க்கிழமைகளில் குப்பைத் தொட்டிகளை வீதிக்கு இழுத்துவிடுவது, பனி கொட்டினால் வாசலில் உப்புத் தூவுவது, இவ்வளவுதான் நிர்வாகம். குழாயோ மின்சாரமோ பழுதானால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய்ப் பார்த்து, கவலையோடு தலையை ஆட்டிவிட்டு, வேலை தெரிந்த ஒருவனைக் கூப்பிடுவேன். தலையாட்டுவதில் எனக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர்.

மூன்றாம் மாடியில் ஓர் ஐரிஷ் அம்மையார் தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஒரு ஜெர்மன் கப்பல் இன்ஜினியரைக் கட்டிக்கொண்டு வந்தவர். கணவர் இறந்து கனகாலம். இத்தனை வருடம் ஜெர்மனியில் இருந்தும் அவருடைய ஜெர்மன் என்னுடையதைவிட மோசம். எங்கள் சிநேகிதத்துக்கு அதுதான் அடித்தளம். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். அவர் சொன்னதை எழுத உட்கார்ந்தால் எனக்கு எங்கள் ஊர்த் தமிழில்தான் வருகிறது. அவர் அதை ஆட்சேபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அவருடைய குடும்பம் அயர்லாந்தின் மேற்குப் பக்கத்துப் பெரிய நிலச்சுவான்தார் குடும்பம். நிலமெல்லாம் அவர் தகப்பன் காலத்திலேயே போய்விட்டது. மிஞ்சிய வீட்டைத் தமையன் விற்றார், பிறகு செத்துப்போனார். வீட்டை வாங்கியவர்களுக்கு வேண்டாத ஒன்று மட்டும் இவரிடம் வந்து சேர்ந்தது. அது அந்தக் காணியின் கடதாசிகள். உறுதிப் பத்திரங்கள், குத்தகை ஒப்பந்தங்கள், வரைபடங்கள், வாடகைப் புத்தகங்கள், காணியைப் பார்த்துக்கொண்ட கங்காணி முதலாளிக்கு எழுதிய கடிதங்கள் என்று இருநூறு வருடத்துக் கடதாசி, பெரிய தகரப் பெட்டிகளில் கட்டடத்தின் கெல்லரில், நிலத்துக்குக் கீழே, சைக்கிள்களுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஒரு நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"எவ்வளவு காணி இருந்தது?"

"ஒரு காலத்திலை ஆறாயிரம் ஏக்கர்."

சும்மா இருந்திருக்கலாம். "எங்களுக்கும் ஊரிலை காணி இருக்கு" என்றேன்.

"அப்பிடியோ? எத்தினை ஏக்கர்?"

என் மனைவியின் சீதனமாக வந்தது மூன்று பரப்பு. பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். "ஏக்கரிலை சொல்லுறது கஷ்டம்" என்றேன்.

அவர் மரியாதையோடு தலையசைத்தார். ஏக்கரில் அடங்காத அளவு பெரியது என்று விளங்கிக்கொண்டார் போல. நான் திருத்தவில்லை.

அந்த மாரிக்குளிருக்குப் பிறகு முதியோர் இல்லத்துக்குப் போக அவர் முடிவு செய்திருந்தார். அங்கே ஓர் அறைதான். பெட்டிகளுக்கு இடமில்லை. அயர்லாந்தில் ஓர் ஆவணக் காப்பகம் அவற்றை எடுத்துக்கொள்ளச் சம்மதித்து, வான் அனுப்ப நாளும் குறித்திருந்தது. ஒரு நிபந்தனை இருந்தது. எல்லாமாக வரவேண்டும். ஒரு துண்டு உருவியெடுத்தாலும் வேண்டாம்.

அந்த நிபந்தனையில் அவருக்குப் பெரிய சந்தோசம். காரணத்தையும் மறைக்கவில்லை. அவருடைய பூட்டன் பஞ்சகாலத்தில் தன் குடியானவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றியவர். அந்தக் கட்டளைகள் எல்லாம் ஒரு கட்டாக இருந்தன. இங்கிலாந்தில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தி, குடும்ப மானம் போய்விடும், அந்தக் கட்டை மட்டும் எரித்துவிடு என்று எழுதியிருந்தாளாம்.

"நாங்கள் நல்ல சனம் இல்லை" என்றார் அம்மையார், பிஸ்கட்டை நீட்டியபடி. "அது தெரியவேணும். எல்லாம் ஒண்டாப் போகவேணும். இல்லாட்டில் எல்லாம் குப்பைக்கு."

அவர் வீடு காலியாகும்போது கெல்லரில் என்ன மிஞ்சினாலும் குப்பைக்குத்தான் போகும். இழுத்து வீதியில் வைப்பவன் நான். ஆகவே எனக்கும் அந்த விசயத்தில் ஓர் அக்கறை வந்தது.

இரண்டொரு கிழமைகளில் கடும் குளிர் வந்து, கெல்லரில் குழாய் வெடித்தது.

நான் போய்ப் பார்த்தபோது கணுக்கால் அளவு தண்ணீர். பெட்டிகளின் அடி நனைந்து, சிலவற்றில் பாதிவரை ஊறியிருந்தது. நான் தலையை ஆட்டினேன். அம்மையார் கணவருடைய பழைய சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து, மூடினார். படியில் உட்கார்ந்துவிட்டார்.

என் மனைவி பின்னால் வந்தாள். "தலையாட்டினது காணும். ஒரு பக்கம் தூக்குங்கோ."

"இது எங்களாலை ஏலாது. ஆரும் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடவேணும்."

"ஆளை இல்லை, ஆக்களைக் கூப்பிடுங்கோ. சிரமதானம் எண்டு சொல்லுங்கோ. பின்னேரம் கொத்துரொட்டி எண்டும் சொல்லுங்கோ."

கொத்துரொட்டி என்ற சொல்லுக்கு ஹம்பேர்க்கின் எந்த மூலையிலிருந்தும் தமிழரைக் கிளப்பும் சக்தி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது குடும்பம் வந்தது. கட்டடத்தின் மேல்மாடியில் உடுப்புக் காயப்போடும் அறையில் கொடிக்குக் கொடி மனைவியின் பழைய சீலைகளை ஊஞ்சல் போலக் கட்டினோம். கயிற்றில் போட்டால் மடிப்பு விழும் என்பது மனைவியின் வாதம். சீலைகளில் அயர்லாந்தைப் பரப்பினோம். முதல் பெட்டி முடிவதற்குள் சீலை முடிந்தது, கொடி முடிந்தது, அறையும் முடிந்தது. இரண்டாம் மாடிக்காரி தன் படுக்கை விரிப்புகளோடு வந்து, ஹவுஸ்ஓர்ட்னுங்கில், அதாவது வீட்டு ஒழுங்குவிதிகளில், இது எங்கே எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டாள். நான் அவளுக்கும் தலையாட்டினேன்.

வழி சொன்னது மனைவிதான். எங்கள் கலியாணங்களுக்கு மண்டபம் எடுத்தால் சாப்பாட்டை ஒரே வீட்டில் சமைப்பதில்லை. ஒரு வீட்டுக்குச் சோறு, ஒரு வீட்டுக்குப் பருப்பு, இன்னொரு வீட்டுக்குக் கத்தரிக்காய் என்று பிரித்துக் கொடுப்போம். அவரவர் சமைத்துக் கொண்டுவருவார்கள். "அது மாதிரிப் பிரிச்சுக் குடுங்கோ. எல்லா வீட்டிலையும் ஹைற்றர் இருக்குத்தானே."

அம்மையாருக்கு யோசனை பிடித்தது. ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வந்தார். "ஆர் எதைக் கொண்டு போகினம் எண்டு எழுதவேண்டாமோ?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உதவிக்கு வந்த சனத்திட்டைக் கையெழுத்து வாங்கிறதோ? அதுக்குப் பிறகு ஆர் எங்கடை வீட்டுப் படி மிதிப்பினம்? அந்த மனிசிக்கு வடிவாச் சொல்லுங்கோ."

எங்கள் முறையில் எழுதுவதில்லை என்று நான் வடிவாகச் சொன்னேன். அம்மையார் கொஞ்சம் யோசித்தார்.

"எங்கடை ஆக்கள் எல்லாத்தையும் எழுதித்தான் இத்தினை பெட்டி வந்தது" என்று கொப்பியை மூடினார்.

அப்படியாக அந்த ஆறாயிரம் ஏக்கரும், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைகளின் பிளாஸ்டிக் பைகளில் ஏறி, எஸ்-பான் ரயிலில் நகரமெங்கும் போயின. ஒருவரிடமும் ஒரு கையெழுத்தும் இல்லை.

அடுத்து வந்த நாள்களில் என் தொலைபேசி ஓயவில்லை. "அண்ணை, உங்கடை ஒப்பந்தம் ஒரு பக்கம் காய்ஞ்சிட்டுது. பிரட்டிப் போடவோ?" பழைய உறுதிகள் சில ஆட்டுத்தோலில் எழுதியவை. ஒரு வீட்டில் அதை ஹைற்றருக்கு மேலே வைக்க, அது அப்பளம் போலச் சுருண்டுவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளை அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தாள். இன்னொரு வீட்டில் வரைபடங்களை மெத்தைக்குக் கீழே வைத்திருந்தார்கள். "நாங்கள் இப்ப அயர்லாந்திலைதான் அண்ணை படுத்தெழும்புறம்." முத்திரை வைத்த ஒரு கடதாசி சாமிப்படத்துக்குப் பக்கத்தில் காய்ந்து, மூலையில் சந்தனப் பொட்டோடு திரும்பி வந்தது.

ஆனால் வந்தது. ஒன்றொன்றாக எல்லாம் வந்தது. அம்மையார் தன் சாப்பாட்டு மேசையில் வைத்து அடுக்கினார். காப்பகத்திலிருந்து மட்டைப் பெட்டிகள் அனுப்பியிருந்தார்கள். அவை நிரம்பின. கடைசியில் ஒரு கட்டு மட்டும் குறைந்தது. சிவப்பு நாடா கட்டியது, பெட்டிக்கு அடியில் கிடந்ததால் எல்லாவற்றையும்விட அதிகம் நனைந்தது. வெளியேற்றக் கட்டளைகள்.

கொண்டுபோனவர் யாரென்று எழுதாமலே எனக்குத் தெரியும். அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. நனைந்ததைக் காயவைப்பதே தொழிலாகக் கொண்டவர் என்று நானே அந்தக் கட்டைத் தேடிப்பிடித்து அவரிடம் கொடுத்தேன். கத்தோலிக்கச் சுவாமிமாரின் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் படித்தவர் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

தொலைபேசியில் கேட்டேன். "அண்ணை, காய்ஞ்சிட்டுதோ?"

"அது எப்பவோ காய்ஞ்சிட்டுது."

"அப்ப கொண்டாங்கோவன்."

"கொண்டுவரமாட்டன்."

பகிடி விடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நேரே போனேன்.

கடதாசிகளை மேசையில் வரிசையாக விரித்து, சுத்தமான ஹோட்டல் துவாய்களால் மூடி வைத்திருந்தார். அவ்வளவு வடிவாக எந்த வீட்டிலும் காயவில்லை. ஒரு துவாயை விலக்கி, ஒரு தாளில் விரலை வைத்தார்.

"இதை வாசி."

"இந்த எழுத்து எனக்கு விளங்காது அண்ணை."

"அப்ப கேள். ஒரு விதவை, ஐஞ்சு பிள்ளையள். கூரையைப் பிரிச்சு விழுத்தியாச்சு. கீழை எழுதுறான் பார், 'அமைதியாக நிறைவேறியது' எண்டு. மழை பெய்ததெண்டும் எழுதியிருக்கிறான்."

"அண்ணை, அது நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின கதை. வழக்குப் போட்டாலும் எடுக்கமாட்டாங்கள்."

அவர் துவாயைத் திரும்ப மூடினார்.

"எங்கடை அப்பு இருந்தது இன்னொருத்தற்றை காணியிலை. எங்கடை ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான். காணிக்காரனுக்கு மோளின்ரை கலியாணம் வந்தது. காணியைச் சீதனமா எழுதினாங்கள். மாப்பிளை வீட்டுக்காரர் வெறுங்காணியாக் கேட்டவையாம். எங்களைக் காணியை விட்டு எழும்பச் சொன்னாங்கள். நாங்களே எங்கடை கூரையைப் பிரிச்சம். கிடுகையும் தடியையும் ஆக்கள் வீசிப்போட முந்தி வண்டிலிலை ஏத்தினம்."

துவாயின் ஓரத்தை அண்ணை இழுத்து நேராக்கினார்.

"எங்களை எழுப்பினதுக்கு ஒரு துண்டும் இல்லை, தம்பி. ஒருத்தனும் எழுதி வைக்கேல்லை. இதுகளுக்கு இருக்கு. பேர், ஊர், எத்தினை பேர், மழை பெய்தது வரைக்கும் இருக்கு. இதைத் திரும்பவும் காணிக்காரியின்ரை கையிலை குடுக்கச் சொல்லுறியோ?"

"அவ எரிக்கப் போறதில்லை அண்ணை. காப்பகத்துக்குக் குடுக்கப் போறா. இது இல்லாட்டில் அவை ஒண்டையும் எடுக்கமாட்டினம். எல்லாம் குப்பைக்குப் போகும்."

"அது அவவின்ரை பிரச்சினை."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். முகாமில் அத்தனை காலம் ஒரே அறையில் இருந்தும் அண்ணை இதை என்னிடம் சொன்னதில்லையே என்றேன்.

"நீங்கள் ஒவ்வொரு நாளும் மூண்டு பரப்பை அளந்து கொண்டிருந்தால் அந்த மனிசன் எந்த இடைவெளியிலை சொல்லுறது?" என்றாள் அவள், வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தாமல். "எங்கடை காணியிலை முந்தி ஆர் இருந்தவை எண்டு எனக்கும் தெரியாது. நானும் கேக்கேல்லை."

வான் வரும் நாள் நெருங்கியது. அம்மையாரிடம் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. கோபிப்பார், பொலிஸ் என்பார் என்று பயந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடும்" என்றார்.

அண்ணை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கட்டு ஒரு பையில், மடியில். கையை அதன்மேலேயே வைத்திருந்தார். இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். மொழிபெயர்க்க வந்த எனக்கு வேலையில்லை. பிஸ்கட் சாப்பிட்டேன்.

"வாசிச்சனீங்களோ?" என்று கேட்டார் அம்மையார்.

"எல்லாம் வாசிச்சன். நீங்கள்?"

"சின்ன வயசிலை ஒருக்கா. அப்பா பறிச்சுப் பெட்டிக்கு அடியிலை வைச்சிட்டார்."

"அதுக்குப் பிறகு?"

"நானும் அடியிலைதான் விட்டன்."

"அந்தச் சனம் எங்கை போச்சுது?"

"தெரியாது. கொஞ்சப் பேர் கப்பல் ஏறியிருக்கலாம்."

"தேடிப் பாக்கேல்லையோ?"

"இல்லை."

அவர் சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணை அதற்கு ஆயத்தமாக வந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். சண்டைக்கென்று வந்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

"இப்ப இதை எப்பிடிக் குடுக்கப் போறீங்கள்? பழையபடி அடியிலை வைச்சோ?"

"எங்கை வைக்கவேணும்?"

"தனிப் பெட்டியிலை. முதலாவதா. திறக்கிறவன் முதல் இதைத்தான் பாக்கவேணும்."

அம்மையார் எழுந்துபோய் ஒரு வெறும் மட்டைப் பெட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். அண்ணை கட்டைப் பெட்டிக்குள் வைத்தார், மூடினார், பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அவை வாற அண்டைக்கு நானே கொண்டாறன்."

"சரி" என்றார் அம்மையார். அவர் முகத்தில் நிச்சயம் இருந்ததாகச் சொல்லமாட்டேன்.

குறித்த நாளில் வான் வந்தது. காப்பகத்து ஆள் கண்ணாடி போட்ட, நெட்டையான, மிக மரியாதையான மனிதர். ஒரு பெட்டியைத் திறந்து முகர்ந்தார். "இது என்ன வாசம்?"

"சீரகம்" என்றேன். எழுதிக்கொண்டார்.

அப்பளமாகிப் போன உறுதியை விரிக்கலாம், பயப்படவேண்டாம் என்றார். பிறகு பெட்டிகளுக்கு இலக்கம் போடத் தொடங்கினார். ஒன்று, குடும்ப உறுதிகள். இரண்டு, திருமண ஒப்பந்தங்கள். எல்லாம் முடிந்து, நான் வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணை வேலை உடுப்போடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். ஹோட்டலில் கொதிநீர்க் குழாய் பழுதென்று பிந்திவிட்டது என்றார்.

காப்பகத்து ஆளுக்குச் சந்தோசம். விசயத்தைக் கேட்டறிந்து, கடைசி இலக்கத்தை எழுதப் பேனையை எடுத்தார்.

"இது ஒண்டு" என்றார் அண்ணை.

அந்த மனிதர் பொறுமையாக விளக்கினார். உலகமெங்கும் ஒரு நடைமுறை உண்டு. முதலில் உரிமைப் பத்திரங்கள், பிறகு குடும்பம், பிறகு காணி நிர்வாகம், அதற்குப் பிறகுதான் குடியானவர்கள். இலக்கத்தில் உயர்வு தாழ்வு இல்லை. எந்த இலக்கமானாலும் அதே கவனத்தோடு வைத்திருப்பார்கள்.

"உயர்வு தாழ்வு இல்லையெண்டால் இதுக்கு ஒண்டைப் போடுங்கோவன்" என்றார் அண்ணை. பெட்டியைக் கொடுக்கவில்லை.

அந்த மனிதர் அம்மையாரைப் பார்த்தார். ஒரு வயதான பெண், அடுத்த கிழமை வீடு மாறுகிறார், இதை முடித்துக்கொடுக்கத்தான் விரும்புவார் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மையார் அடுக்கியிருந்த பெட்டிகளின்மேல் போய் உட்கார்ந்தார்.

"நீங்கள் என்ன எழுதினீங்கள்? எல்லாம் வேணும், இல்லாட்டில் ஒண்டும் வேண்டாம் எண்டுதானே. நானும் அதைத்தான் சொல்லுறன். அவர் சொல்லுற இலக்கம், இல்லாட்டில் நீங்கள் வெறும் வானோடை போங்கோ."

"அம்மா, இதெல்லாம் அழிஞ்சுபோகும்."

"ஓம். இந்தத் தம்பிதான் வீதியிலை இழுத்து வைப்பார். நல்லாச் செய்வார்."

காப்பகத்து ஆள் கடைசி நம்பிக்கையாக என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஒரே தொழிலை நான் செய்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பட்டியலின் மேலே புதிதாக ஒரு வரி எழுதினார். மற்ற எல்லாவற்றையும் ஒவ்வோர் இலக்கம் தள்ளவேண்டியிருந்தது. ஒவ்வொரு மட்டையிலும் பழைய இலக்கத்தை வெட்டிப் புதியது எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அண்ணை சரிபார்த்தார். ஆறாயிரம் ஏக்கரும் ஓர் அடி பின்னால் நகர நல்ல நேரம் எடுத்தது.

பற்றுச்சீட்டைக் கொடுத்தபோது அம்மையார் முதல் வரியை உரக்க வாசிக்கச் சொன்னார். அந்த மனிதர் வாசித்தார். "ஒன்று. வெளியேற்றப்பட்ட குடும்பங்கள்." அண்ணை பெட்டியை இரண்டு கையாலும் கொடுத்தார்.

"மேலை ஒண்டையும் ஏத்திப்போடாதேங்கோ" என்றார்.

மற்றவை பின்னால் அடுக்கப்பட்டன. ஒன்றாம் பெட்டி சாரதிக்குப் பக்கத்து இருக்கையில், பட்டி போட்டுக்கொண்டு போனது. வான் வீதி முனையில் திரும்பி மறையும்வரை மூவரும் வாசலில் நின்றோம். குளிர் எலும்பைத் தொட்டது.

"நான் திரும்ப வேலைக்குப் போகவேணும்" என்றார் அண்ணை.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார் அம்மையார்.

"உங்கடை தேத்தண்ணியிலை சாயம் காணாது."

"அப்ப நீங்கள் ஊத்துங்கோ."

இருவரும் படியேறினார்கள். நான் கெல்லரைக் கூட்டப் போனேன்.